ஆறு மத்தி மட்டும்

சிதம்பரம்
14.3.2010, ஞாயிற்றுக்கிழமை

திருவதிகையில் இருக்கும் சடையப்பன் மாமா அவர்களுக்கு, இளமதி வணக்கத்துடன் எழுதுவது.

‘இதுவரை கடலில் விட்ட எட்டு ஆமையில் ஒன்றாவது இன்றைக்கு உயிரோடு இருக்கிறதா?’ என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. இருபத்து நான்கு வருடமாகக் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள் இப்படி எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் இன்னும் கூச்சமாக இருக்கும். நீங்கள் இறால் குஞ்சுப் பண்ணை நடத்தியவர், நூற்றுக்கு எத்தனை பிழைத்தது என்று கேட்பது உங்கள் பழக்கம். உங்கள் இறால் தொட்டிக்குள்ளேயே இருந்தது, எண்ணினீர்கள். என் நோயாளிகள் குணமானதும் வங்காள விரிகுடாவுக்குள் போய்விடுகிறார்கள். அங்கிருந்து யாரும் இரண்டு வரி எழுதிப் போடுவதில்லை.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தை நலம் என்று நம்புகிறேன். நானும் என் சர்க்கரையும் மாத்திரையின் கட்டுப்பாட்டில் இருக்கிறோம். நம் இடத்துக்குள் ஆமை வந்ததிலிருந்து பலாவில் காய்ப்பு குறைந்துவிட்டது என்று அத்தை சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பக்கத்துத் தோப்பிலும் காய்ப்பு குறைந்ததாக நீங்களேதான் பொங்கலுக்கு வந்தபோது சொன்னீர்கள். அவர்கள் ஆமை வளர்க்கவில்லை. இதை அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொட்டிக் கொட்டகையின் சாவியை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். ஐஸ் கம்பெனிக்காரருக்கு நீங்கள் இடத்தைக் கொடுத்துவிடலாம். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நாலு வருடத்துக்கு முன்னால், மூடிக்கிடந்த பண்ணையைக் கேட்டவுடனே கொடுத்தீர்கள். எதற்கு என்று கேட்டபோது, குளிர் நாடுகளில் அடிபட்ட சீல் என்கிற கடல்நாய்க் குட்டிகளுக்குத் தன்னார்வலர்கள் இப்படி இல்லம் நடத்துகிறார்கள், நம் கடற்கரைக்குச் சீல் வராது, ஆமை வருகிறது என்று சொன்னேன். ‘செய்யி, ஆனா தொட்டியில விரிசல் வுடாம பாத்துக்க’ என்றீர்கள். தொட்டியில் விரிசல் இல்லை. வேறு இடங்களில் விட்டது, அதை வரிசையாகச் சொல்கிறேன்.

அந்தச் சீல்காரர்களின் கையேட்டை நான்தான் தமிழில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். விதி ஒன்று, நோயாளிக்குப் பெயர் வைக்கக் கூடாது. விதி இரண்டு, நோயாளியோடு பேசக் கூடாது. விதி மூன்று, குறித்த அளவுக்கு மேல் உணவு கூடாது. விதி நான்கு, வந்த முதல் நாள் உணவே கூடாது. கடலில் வாழ வேண்டிய மிருகம் மனிதனுக்குப் பழகிவிடக் கூடாது என்பது இதன் தத்துவம். எங்கள் மீன்காரம்மா ரத்தினம்மாள் பிரிசில்லாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ‘அந்த ஊர்ல குளுருக்கு யாரும் வாயத் தொறக்கமாட்டாங்க டீச்சர், இங்க ஏன் பேசக் கூடாது?’ என்றார். பிரிசில்லா ஒரு கிளினிக்கில் நர்ஸ், காயத்துக்குக் கட்டுப் போடுவதும் ஊசி போடுவதும் அவர் வேலை. பதிவேடு எழுதுவது தேவநாதன். அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர், சுத்த சைவம். மீனைத் தொடமாட்டார், ஆனால் எத்தனை மீன் போட்டோம் என்பதைச் சிவப்பு மசியில் கோடு போட்டு எழுதுவார்.

இருபத்து மூன்றாவது நோயாளி நவம்பரில் வந்தது. முன் துடுப்பில் வலை அறுத்த காயம். பிரிசில்லாவின் கைராசியில் அது பொங்கலுக்குள் ஆறிவிட்டது. வேறு ஒரு கோளாறு இருந்தது, அதற்கு முங்கத் தெரியவில்லை. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு மேலேயே மிதந்தது. முங்காத ஆமை கடலில் இரை பிடிக்க முடியாது, படகு வந்தால் விலக முடியாது, விட்டால் சாவுதான். சென்னையில் ஒரு கால்நடை மருத்துவருக்கு எழுதிக் கேட்டேன். வயிற்றில் காற்று சேர்ந்திருக்கலாம், நுரையீரலில் அடிபட்டிருந்தாலும் இப்படி ஆகும், முதலில் சாப்பாட்டைக் குறையுங்கள் என்று பதில் வந்தது. பத்து மத்தியை ஆறாகக் குறைத்தேன். ஒரு மாதம் கழித்து ரத்தினம்மாளின் தராசில் நிறுத்தோம். முப்பத்திரண்டு கிலோ இருந்த ஆமை முப்பத்தொன்பது கிலோ இருந்தது. பதிவேட்டைப் பார்த்தேன். தினமும் ‘உணவு: ஆறு மத்தி மட்டும்’. ‘மட்டும்’ என்பதற்குக் கீழே சிவப்புக் கோடு.

போன அமாவாசையன்று நீங்கள் ஐஸ் கம்பெனிக்காரரோடு வந்தபோது பார்த்த காட்சியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆமையின் முதுகில் சந்தனப் பொட்டு இருந்தது உண்மை. தேவநாதன் தொட்டிக்குள் அகத்திக்கீரைக் கட்டை நீட்டிக்கொண்டிருந்ததும் உண்மை. அமாவாசைக்கு அவர் மாட்டுக்குக் கீரை கொடுப்பது வழக்கம், அன்று வழியில் மாடு கிடைக்கவில்லையாம். நீங்கள் அன்று சொல்லாமலே வந்ததால்தான் எனக்கும் அது தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து விசாரித்தேன். நடந்தது இதுதான். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகும்போது நம் ஊரில் யாரும் வெறுங்கையோடு போவதில்லை அல்லவா, இங்கேயும் யாரும் போகவில்லை. ரத்தினம்மாள் வரும்போதெல்லாம் கூடையில் மிஞ்சியதில் நாலு போட்டிருக்கிறார். பிரிசில்லா ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு இறால் கொடுத்திருக்கிறார், ஊசி போட்டால் குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதில்லையா என்று என்னையே கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பார்க்க வந்து ஆளுக்கொரு கணவாய், ஒரு நண்டு என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டீக்கடைக்காரர் பொறை கொண்டுவந்திருக்கிறார். அதை ஆமை தொடவில்லை, தேவநாதன் டீயில் நனைத்துச் சாப்பிட்டிருக்கிறார். ஒருவர் கொடுப்பது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள், ‘நான் ஒரு ஆளு குடுக்கறதால என்ன ஆயிடப்போவுது?’

தேவநாதனிடம் மட்டும் எனக்குக் கோபம் வந்தது. பொய்ப் பதிவு என்று சொல்லிவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

“பொய் எழுதலீங்க மேடம். ஆறு மத்தி நாம போடறது, அத எழுதியிருக்கேன். மத்ததெல்லாம் பாக்க வந்தவங்க குடுத்தது. அதுக்கு ரிஜிஸ்டர்ல கட்டம் இல்லீங்களே.”

கட்டம் போட்டவள் நான்தான்.

அன்றைக்கே கொட்டகைக்குப் பூட்டுப் போட்டேன். ஒரே சாவி, அது என் கைப்பையில். கல்லூரி முடிந்து பஸ் பிடித்துப் போய், நானே எண்ணி நாலு மத்தி போட்டு, நானே எழுதிவிட்டு வந்தேன். இருபத்தெட்டு நாளாக யாரும் எதுவும் கொடுக்க முடியவில்லை. குப்பத்தார் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். டீக்கடைக்காரர் எனக்கு வைக்கும் டீயில் சர்க்கரையைக் குறைத்தார், அது எனக்கு நல்லதுதான். ரத்தினம்மாள், ‘காலேஜுல படிச்சவங்களுக்கு அடுத்தவங்க பசி தெரியாது போல’ என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஆமையோடு பேசுவதை நிறுத்தவில்லை. பெயர் வைக்கக் கூடாது என்று நான் எண் கொடுத்திருந்தேன் அல்லவா, அந்த எண்ணையே பெயராக்கிவிட்டார். ‘ஏ இருவத்திமூணு, எளச்சுப்போயிட்டியேடி’ என்று கம்பிக்கு வெளியேயிருந்து குரல் கேட்கும். ஆமை அந்தப் பக்கம் திரும்பும். தற்செயலாக இருக்கலாம்.

இப்போது எடை முப்பத்தைந்து. பின்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு தடவை தலையை உள்ளே விட்டுத் துழாவியது. முழுக்க முங்கி நான் பார்க்கவில்லை. காரணம் சாப்பாடா நுரையீரலா என்பதும் தெரியவில்லை. இன்னும் இரண்டு மாதம் இருந்தால் தெரியலாம், நீங்கள் கொடுத்த கெடுவோ மாதக் கடைசி. மற்ற இடங்களில் கேட்டுப் பார்த்தேன், எங்கும் இவ்வளவு பெரிய தொட்டி இல்லை. அதனால் வனத்துறையில் சொல்லிவிட்டு, நாளைக் காலை ராகு காலத்துக்கு முன்னால், அது தேவநாதனின் ஏற்பாடு, ஆறே முக்காலுக்குக் கடலில் விடுகிறோம். வந்த இருபத்து மூன்றில் பதினான்கு தொட்டியிலேயே செத்தன, எட்டு போயின, இது ஒன்று. மாமா, இந்தக் கணக்கைப் பார்த்தால் யாரும் சாவியைத் திருப்பித்தான் கேட்பார்கள். நானாக இருந்தாலும் கேட்பேன்.

தொட்டிகளைக் கழுவிவிட்டுக் கொடுக்கிறோம். மோட்டார் ஓடுகிறது. சுவரில் ஒட்டிய விதிகளை மட்டும் சுரண்ட முடியவில்லை, ஐஸ் கம்பெனிக்காரர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நீங்களும் அத்தையும் பல்லாண்டு சுகமாக இருக்க வேண்டும், இந்த வருடமாவது பலா நன்றாகக் காய்க்க வேண்டும். முழங்காலுக்குத் தைலம் தடவுவதை விட்டுவிடாதீர்கள்.

மரியாதையுடன்,
உங்கள் அக்கா மகள்
இளமதி

இணைப்பு: சாவி ஒன்று.

பி.கு. 15.3.2010, திங்கள் மாலை. நேற்றுக் கவரை ஒட்டாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. கவரில் சாவி இருக்காது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு நாங்கள் கொட்டகையைத் திறந்து ஆமையைத் தார்ப்பாயில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அத்தை வந்து நின்றார். சாவியைக் கையோடு வாங்கிவர நீங்கள் முதல் பஸ்ஸில் அனுப்பியதாகச் சொன்னார். நான் தபாலில் அனுப்புவேன் என்று நீங்கள் நம்பவில்லை போலிருக்கிறது. அத்தையின் ஒயர் கூடையில் கற்பூரமும் ஒரு பூசணிக்காயும் இருந்தன. ஆமை வெளியேறியதும் திருஷ்டி கழிக்கவாம். கதவைப் பூட்டி அங்கேயே சாவியைக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டார். ஆமை உண்மையிலேயே போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பூசணிக்காய் உடைப்பது என்று எங்களோடு கரைக்கு வந்தார்.

முதல் அலை ஆமையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை கதிர்வேல் என்கிற மீனவர் அதைப் பிடித்துக்கொண்டே அலை உடையும் இடத்தைத் தாண்டி நீந்திப் போய், அங்கே கையை விட்டார். முதுகு மேலேயே மிதந்தது. அப்போது ரத்தினம்மாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, “போடி இருவத்திமூணு, வெறும் வயித்தோட அனுப்பறேன், மனசுல வெச்சுக்காத” என்றார். கொஞ்ச நேரத்தில் முதுகைக் காணவில்லை.

அத்தை என் கையைப் பிடித்தார்.

“போயிடுச்சா, செத்துடுச்சா?”

“தெரியல அத்தை.”

“இவ்ளோ படிச்சுட்டு தெரியலன்ற.”

அப்படிச் சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். திரும்ப மேலே வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ராகு காலம் பிறந்துவிட்டது என்று தேவநாதன் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதுவும் வரவில்லை.

வந்தது வேறொன்று. எட்டு மணிக்குக் கரைக்கு வந்த படகில், கழுத்தை நைலான் நூல் இறுக்கிய சின்ன ஆமை ஒன்று இருந்தது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினோம். கதவு பூட்டியிருந்தது. எல்லாரும் வழக்கம்போல என்னைப் பார்த்தார்கள். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் அந்தக் கழுத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், பூசணிக்காய்க் கூடையைக் கீழே வைத்தார், முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தானே திறந்தார். பிரிசில்லா நூலை வெட்டி எடுக்கிற வரைக்கும் விளக்கு பிடித்துக்கொண்டிருந்ததும் அவர்தான்.

கிளம்பும்போது கதவைப் பூட்டிச் சாவியை மறுபடி முடிந்துகொண்டார். இது ஒன்று தேறுகிற வரைக்கும் சாவி தன்னிடம் இருக்குமென்றும், தினம் முதல் பஸ்ஸில் வருவதாகவும், ஐஸ்காரரிடமும் உங்களிடமும் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். இந்தக் கடிதம் வருவதற்குள் சொல்லியிருப்பார். பூசணிக்காய் தொட்டிக்குப் பக்கத்தில் முழுசாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பூட்டுவதற்கு முன்னால், பார்க்க வந்த இடத்தில் வெறுங்கையோடு நிற்கிறோமே என்று அத்தைக்குச் சங்கடமாகிவிட்டது. ரத்தினம்மாளின் கூடையிலிருந்து இரண்டு மத்தியை எடுத்துத் தொட்டிக்குள் போட்டார். விதி நான்கு சுவரில் அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. ஆமை ஒன்றைத் தின்றது. தேவநாதன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பதிவேட்டை அவரிடமிருந்து வாங்கி நானே எழுதினேன்: ‘எண் இருபத்து நான்கு. கழுத்தில் நைலான் காயம். எடை இருபத்தாறு. உணவு: இல்லை.’