சிவப்பு அட்டைப் பெங்குயின்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றிப் பத்துக் கல் தொலைவுக்குள் இருக்கும் கணினிகளை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம்: பெங்குயின் கை வைத்தவை, பெங்குயின் கண்ணில் இன்னும் படாதவை. அவர் கை வைத்த பிறகும் ஓடுபவை என்று மூன்றாவதாக ஒரு வகை உண்டெனச் சிலர் வாதிடுவர். அத்தகைய ஒன்றில்தான் இக்கட்டுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன் என்பதால், அவ்வாதத்தை முற்றாக மறுக்கும் நிலையில் நான் இல்லை.

பெங்குயின் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் சின்னமாகிய அப்பறவையின் படத்தைத் தம் ஸ்கூட்டரின் நெற்றியில் ஒட்டியிருந்தமையால் வந்த பெயர் என்பர். குட்டை உருவம், வெள்ளைச் சட்டை, சித்திரை வெயிலிலும் கழற்றாத கறுப்பு மழைக்கோட்டு, கனத்த பாதுகாப்புக் காலணியால் பக்கவாட்டில் ஆடும் நடை இவற்றைக் கண்டவர்களோ, பெயர் முன்னமே வந்துவிட்டது, படம்தான் பின்னால் வந்தது என்பர். நான் இரண்டாம் கட்சி.

அவர் இரும்புக்கம்பி உருட்டும் ஆலையொன்றில் பராமரிப்புப் பணியாளர். ஆலை கழித்துத் தள்ளும் கணினிகளைக் கேட்டு வாங்கி, லினக்ஸ் ஏற்றி, புதுவாயல் கூட்டுச்சாலையில் இருப்போருக்குக் கொடுப்பது அவரது இரண்டாம் பிறவி. கழிக்கப்பட்ட மனிதர்களுக்கு அவ்வாலை இத்தகைய மறுவாழ்வு எதையும் ஏற்பாடு செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கணினிகளுக்காவது ஒரு பெங்குயின் இருந்தார்.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இயந்திரத்தைத் திறப்பதாயினும் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். விசையின்மேல் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். 'இயக்காதே, ஆள் வேலை செய்கிறார்' என்னும் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, அனுமதிச் சீட்டில் கையொப்பம் வாங்க வேண்டும். எத்தனையோ தொழிலாளரின் விரல்களையும் சில உயிர்களையும் காத்த வழக்கம் அது. அதை நான் நகையாடேன். ஆனால் ஒரு கணினியின் விசைப்பலகையில் விழுந்த முறுக்குத் தூளைத் தட்டுவதற்கும் அதே சடங்கைச் செய்பவரை என்னென்பது?

புதுவாயல் திருமண மண்டபத்தில் ஒரு முகூர்த்த நாளன்று பெருந்திரைக்குரிய கணினி மக்கர் செய்தது. பெங்குயின் வந்தார். மின்செருகியைப் பூட்டினார், அட்டையை மாட்டினார், ஆலைச் சங்கு ஊதும் நேரமாகவே சாவியோடு முதல் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார். நாதசுரத்துக்குரிய ஒலிபெருக்கியும் அதே செருகியில்தான் இருந்தது. ஒலிபெருக்கி இல்லாமலே தாலி ஏறிற்று. அந்த வட்டாரத்தில் மந்திரம் ஐயர் வாயிலிருந்தே கேட்ட ஒரே திருமணம் அதுதான் என்று மண்டபத்துக்காரர் பின்னாளில் பெருமையாகவே சொல்லித் திரிந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

பொன்னேரிப் பக்கத்து ஏரிகளின் பெயர்களைப் பற்றிப் பதினோராண்டு உழைத்து ஒரு நூல் எழுதி முடித்திருந்தேன். என் பழைய கணினி ஒருநாள் மூச்சை நிறுத்திற்று. நல்வாய்ப்பாக, நூல் முழுவதும் உள்ளங்கை அகலமுள்ள ஒரு வன்வட்டில் படியெடுக்கப்பட்டிருந்தது. உலகில் அந்நூலுக்கு வேறு படி இல்லை. பெங்குயின் தந்த ஆலைக்கணினியில் அவ்வட்டை முதன்முறையாகச் செருகினேன். வட்டில் விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. எடுத்துச் செருகினேன், இடம் மாற்றிச் செருகினேன். விளக்கு மட்டும் என்னைப் பார்த்துச் சிமிட்டிற்று.

இதற்கிடையில் திருவள்ளூர் அச்சகத்தார் தொலைபேசியில் கெடு விதித்தார்.

"ஐயா, வெள்ளிக்கெழமைக்குள்ள குட்த்துடுங்க. ஆடி பொறந்துட்ச்சின்னா மெஷினு பெரியபாளையத்து அம்மனுக்கு. போஸ்டர் ஓட்டவே நேரம் பத்தாது. அத்த வுட்டா உங்க ஏரிக்கு ஐப்பசிலதான் எடம்."

ஐப்பசி வரை ஏரிகள் காத்திருக்கும். எழுபத்தாறு வயதுக்காரன் அவ்வாறு உறுதி கூற இயலுமா? பெங்குயினை அழைத்தேன்.

திங்கட்கிழமை காலை தலைக்கவசத்தோடு வந்தார். மேசைக்கடியில் ரப்பர் விரிப்பை விரித்தார். திரையின் காதில் சிவப்பு அட்டையை மாட்டினார். அனுமதிச் சீட்டை என்முன் நீட்டி, "அபாயம் இன்னா சார்? எழுதணும்" என்றார்.

"நூல் போய்விடும். அதுதான் அபாயம்."

'அபாயம்: நூல்' என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டார். என் எழுத்தைப் பற்றி இத்தனை சுருக்கமான மதிப்புரை அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

என் மனைவி காப்பியோடு வந்தவள், "அந்த ஒயரை மாத்திப் பாத்தீங்களா தம்பி?" என்றாள்.

பெங்குயின் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "இன்னாம்மா நீங்களும்! எதனா ஒண்ணுன்னா எல்லாரும் மொதல்ல கேபிளத்தான் புடிச்சிப் புடுங்கறாங்க. அது வாயில்லா ஜீவன்மா. நம்ம கிட்ட மொதல்ல கரண்ட்டு, அப்பால மெஷினு, அப்பால மனுசன். கேபிளு கடைசி."

கறுப்புத் திரையைத் திறந்து வெள்ளை எழுத்தில் கட்டளைகளைத் தட்டலானார். வாசலில் யார் வந்திருக்கிறார் என்று கேட்க ஒரு கட்டளை உண்டாம். அதைத் தட்டியதும் வட்டின் பெயர் பளிச்சென்று வந்தது. வீட்டுக்குள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்று எண்ண இன்னொரு கட்டளை. அதில் வட்டைக் காணவில்லை.

"வந்துக்கீது சார். ஆனா உள்ள வர்ல."

"யார் தடுக்கிறார்?"

"அதான் பேஜாரா கீது. தோ, சேமிப்பு வட்ட உள்ள இட்டாற ஆள எழுப்பறேன் பாருங்க." ஒரு கட்டளை தட்டினார். திரை ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? லினக்ஸ் கம்முனு இருந்தா சொன்னத செஞ்சிட்ச்சின்னு அர்த்தம். தப்புன்னாத்தான் கத்தும்."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "அப்போ நாப்பது வருசமா கத்திக்கினே இருக்கறவங்களுக்கு இன்னா அர்த்தம்?"

சொன்னதைச் செய்ததாகப் பாராட்டுப் பெற்ற அக்கணினி, வட்டை மட்டும் உள்ளே விடவேயில்லை. திங்கள் போயிற்று. செவ்வாயன்று வட்டை வேறு கணினிகளில் செருகிப் பார்ப்பது என முடிவாயிற்று. பிறர் கணினிகளெல்லாம் வைரஸ் நோய் பிடித்தவை என்று ஒதுக்கிவிட்டு, தாம் லினக்ஸ் ஏற்றித் தந்த ஏழு இடங்களுக்கு மட்டும் பெங்குயின் அதை எடுத்துச் சென்றார். ஜெராக்ஸ் கடை, தையற்கடை, தேவாலய அலுவலகம் எனப் புதுவாயலையே வலம் வந்தார். ஒவ்வோரிடத்திலும் அட்டை, பூட்டு, கையொப்பம். ஏழிடத்திலும் விளக்கு எரிந்தது, ஏழிடத்திலும் வட்டு தெரியவில்லை.

மாலையில் வந்து தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவர் அதைக் கழற்றி நான் கண்டது அதுவே முதல் முறை.

"டிஸ்க்கு போய்ட்ச்சி சார். ஏழு மெஷினும் ஒரே மாரி சொல்லுது. ஏழுமா பொய் சொல்லும்?"

நான் சினந்தேன். "இரும்பை உருட்டுகிறவரிடம் ஏட்டைக் கொடுத்தது என் பிழை. இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்" என்றேன். திரையின் காதில் தொங்கிய அட்டையைக்கூட எடுக்காமல், ஆடியாடி இறங்கிப் போனார்.

புதன் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் ஒரு கோடுபோட்ட நோட்டு.

"லீவு போட்டுக்கினு வந்துட்டேன் சார். நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன். பதினோரு வருசந்தானே, பாத்துக்கலாம்."

பதினோராண்டை இரண்டு விரல்களால் தட்டி முடிக்க எண்ணிய மனிதருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். பழைய குறிப்புகளைத் தேடியெடுத்து, நினைவிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவரோ ஒவ்வோர் ஏரியையும் விசாரணை செய்யாமல் தட்டமாட்டார்.

"இந்த ஏரி எங்க சார் கீது?"

"உங்கள் ஆலையின் இரண்டாம் வாயிலில் தொடங்கி எடைமேடை வரைக்கும்."

விரல்கள் நின்றன. "அப்ப நான் டெய்லி ஏரிலதான் டூட்டி பாக்கறனா?"

"ஆம். மழைக்காலத்தில் அதற்குத் தன் நினைவு வரும்."

"கரெக்ட்டு சார்! ஐப்பசில முட்டி வரைக்கும் தண்ணி. டிரெயினேஜ் சரியில்லன்னு போன வருசம் நாந்தான் ரிப்போட்டு எழுதனேன். ஏரின்னு யாரும் சொல்லலியே." திரையில் அந்த ஏரியின் பெயரை விரலால் தொட்டார். "டிரெயினேஜுன்னு எழுதனது தப்பு சார். திருத்தணும்."

மாலைக்குள் நான்கு ஏரிகள் முடிந்தன. இந்த வேகத்தில் போனால் நூல் முடியும்போது எஞ்சிய ஏரிகளிலும் ஆலை வந்துவிடும்.

வியாழனன்று அச்சகத்தாரிடம் நேரில் சென்று நூலைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்லப் புறப்பட்டேன். தயிர்ச்சோற்றுப் பாத்திரத்தின்மேல் வன்வட்டையும் வைத்து மனைவி பையை நீட்டினாள். செத்ததை ஏன் சுமப்பது என்றேன். "செத்துதுன்னு சொன்னது யாரு? ஏழும் அவரு மெஷினு. எட்டாவதா ஒண்ணு பாத்துட்டு வாங்க" என்றாள்.

அச்சகத்தார் வட்டை வாங்கித் தம் கணினியில் செருகினார். "அது இறந்து..." என்று நான் தொடங்கிய வாக்கியம் முடியுமுன் திரை விரிந்தது. என் ஏரிகள் யாவும் அகரவரிசையில், கரை உடையாமல் நின்றன.

"இன்னா ஐயா, நல்லாத்தானே கீது?"

பேருந்தில் திரும்புகையில் பெங்குயினுக்குரிய வசைமொழியை இயற்றிக்கொண்டே வந்தேன். பெரியபாளையத்தில் முதல் வரி அமைந்தது. எங்கள் பக்கத்துச் சிற்றூரான ஆரணியில் அதைத் திருத்தினேன். புதுவாயலில் இறங்கியபோது அது கல்லில் வெட்டத்தக்க செப்பம் பெற்றிருந்தது.

வீட்டில் பெங்குயின் என் குறிப்பைப் பார்த்து ஐந்தாம் ஏரியைத் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டார். மகிழவில்லை. நெற்றியைச் சுருக்கினார். பையிலிருந்து தம் பணிப்பதிவேட்டை எடுத்து, ஆலைக்கணினிகளுக்கு முதன்முதலாக லினக்ஸ் ஏற்றிய நாள்வரை பின்னோக்கிப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"பென்டிரைவ் பிளாக். கம்பெனி ரூல். முடிஞ்சது," என்று படித்தார். பிறகு மெல்ல, "கையெழுத்து என்துதான் சார்" என்றார்.

ஆலையின் அலுவலகக் கணினிகளில் எவரும் எதையும் செருகிப் படியெடுத்துச் செல்லக்கூடாது என்பது விதி. வெளிவட்டு எதுவாயினும் உள்ளே விடாதே, கேட்டால் வாயையும் திறக்காதே என்று ஒரே வரியில் கணினியின் வாசற்காவலனுக்கு ஆணையிட்டு வைத்தவர் இவரே. ஆலைக்கென்று செய்த அதே லினக்ஸ் படியைத்தான் புதுவாயல் முழுவதும் ஏற்றியிருக்கிறார். அவர் மெச்சிய மௌனம் பணிவன்று, அவரே கட்டிய வாய்ப்பூட்டு.

மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஜெராக்ஸ் கடைக்காரரு டப்பா நெறைய பென்டிரைவைக் குப்பையில கொட்னாரே! உப்புக்காத்துல கெட்டுப்போச்சின்னு!"

இரண்டாண்டுகளாகப் புதுவாயலில் அவர் தந்த கணினி எதிலும் வெளிவட்டு திறந்ததில்லை. ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. காற்றைப் பழித்தனர், கடையைப் பழித்தனர், தலைவிதியைப் பழித்தனர். வசைமொழியைச் சொல்ல வாயெடுத்த எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. தானே எழுதி வைத்த தவற்றைத் தன் கையெழுத்திலேயே தேடிக் கண்டுபிடித்து, உரக்கப் படித்து ஒப்புக்கொண்டவர் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்? நூலாசிரியர்களுள் ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. கல்லில் வெட்டத்தக்க வசை பயன்படாமலே போயிற்று.

அவர் அந்த ஒரு வரியை நீக்கினார். வட்டு உள்ளே வந்தது. அன்றே ஏழு இடங்களுக்கும் சென்று, அட்டை மாட்டி, பூட்டுப் போட்டு, ஏழு வரிகளை நீக்கினார். என் வீட்டு அனுமதிச் சீட்டில் 'தவறு செய்தவர்' என்னும் இடத்தில் தம் இயற்பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதித் தந்தார். அப்பெயரை இங்கே சொல்லமாட்டேன். அவருக்கு அது சற்றும் பொருந்தவில்லை.

நூல் ஆடிக்கு முன்பே அச்சேறிற்று. சென்ற ஆண்டு ஆலை, மாநில எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் ஒரு கிளை திறந்து, பெங்குயினை அங்கே அனுப்பிவிட்டது. அவர் போனபிறகு என் கணினி ஒரு நாளும் பழுதாகவில்லை. ஆகவே ஞாயிறுதோறும் நானே ஒரு கேபிள் கம்பியைப் பிடுங்கிவிட்டு, வேலை செய்யவில்லை என்று அவருக்குத் தொலைபேசுகிறேன். முதலில் மின்சாரம், அப்பால் இயந்திரம், அப்பால் மனிதன் என்று வரிசையாகக் கேட்பார். கம்பிக்கு வந்து சேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.