மூன்று முறை இழுத்துப் பார்த்த பூட்டு

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. சுவரில் பல்லி இருந்தால் பயப்படுவேன், திரும்பிப் பார்க்கும்போது அது இல்லாவிட்டால் இன்னும் அதிகமாகப் பயப்படுவேன் (எங்கே போயிருக்கும்?). ஒரு முழுக் கம்பெனியை நான் ஒருநாள் முடக்கிப் போட்டதற்கும் காரணம் இந்தப் பயம்தான்.

பயம் எனக்கு அப்பா வழியில் வந்தது. அன்னவாசலில் உரக்கடை வைத்திருக்கிறார். ஷட்டரை இறக்கிப் பூட்டியதும் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். வீட்டைப் பூட்டினாலும் அதே மூன்று. ஊருக்குக் கிளம்பிப் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "எத்தனை தடவை இழுத்துப் பாத்தே?" என்று கேட்பார். இரண்டு என்று சொன்னால் திரும்பி நடக்க வேண்டியதுதான். பஸ் போனால் போகட்டும் என்பார்.

படித்து முடித்ததும் கறம்பக்குடிக்குப் பக்கத்தில் தென்னை நார் ஏற்றுமதி செய்கிற ஓர் ஆலையில் வேலை கிடைத்தது. தலைமை அலுவலகம் சென்னையில். ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவு மொத்தமும் நான்தான். ஒரு வருடம் தகுதிகாண் காலம், அது முடிகிற வாரம்தான் நான் சொல்லப்போகிற வாரம். வேலை நிரந்தரம் என்ற கடிதத்தில் திங்கட்கிழமை கையெழுத்தாக வேண்டும். அப்பாவோ, யூரியா வாங்க வந்த அத்தனை பேரிடமும் கடிதம் வந்துவிட்டதாகவே சொல்லிவைத்திருந்தார். வராமல் போனால் நான் அன்னவாசல் பக்கம் தலைகாட்ட முடியாது.

கடைசியாக எனக்குக் கொடுத்த வேலை இது. எங்கள் ஆலைக்கென்று ஒரு வெப் சர்வர் இருந்தது. வருகை, சரக்கு இருப்பு, லாரிச் சீட்டு எல்லாம் அதில்தான். அதற்குத் தனியாகப் பெயர், தனியாகப் பாஸ்வேர்டு. (எல்லாருடைய பாஸ்வேர்டும் எல்லாருக்கும் தெரியும், அது வேறு கதை.) சென்னையில் கம்பெனி முழுவதற்கும் பொதுவாக ஒரு டைரக்டரி இருந்தது. யார் யார் வேலையில் இருக்கிறார்கள், அவரவர் பாஸ்வேர்டு என்ன என்பதெல்லாம் அதற்குத்தான் தெரியும். இனி எங்கள் சர்வர் தானாக யாரையும் உள்ளே விடக் கூடாது. யாராவது வந்தால், புது வாட்ச்மேன் உள்ளே போன் போட்டுக் கேட்பதுபோல டைரக்டரியைக் கேட்க வேண்டும். அது சரி என்றால்தான் கதவு திறக்கும்.

இரண்டு வாரம் மல்லுக்கட்டி அதைச் செய்து முடித்தேன். சரியான பாஸ்வேர்டு போட்டால் திறந்தது. அதோடு விட்டிருக்கலாம். தப்பான பாஸ்வேர்டு போட்டும் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குள் இருந்த உரக்கடை கேட்டது.

ஆகவே ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். டைரக்டரியில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எடுத்து, வேண்டுமென்றே தப்பான ஒரு பாஸ்வேர்டைப் போட்டு, எங்கள் சர்வருக்குள் நுழையப் பார்க்கும். எங்கள் ஆலை ஆட்களை மட்டும் எடுத்திருந்தால் போதும். ஆனால் விட்டுப்போன ஒரே ஒரு பெயரில் ஓட்டை இருந்துவிட்டால்? சென்னை, தூத்துக்குடி துறைமுக அலுவலகம் என்று நானூற்றுச் சொச்சம் பேரையும் எடுத்தேன். வெளி ஆள் வருவதுபோலச் சோதிக்க வேண்டுமென்று, ஸ்டோர் கிளார்க் அடைக்கலம் அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில் அவருடைய கம்ப்யூட்டரில் ஓட்டினேன்.

நானூற்றுச் சொச்சம் பேருக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. எனக்கு மனம் குளிர்ந்தது. இன்னொரு முறை ஓட்டினேன். மறுபடி எல்லாருக்கும் மறுப்பு. இரண்டோடு எழுந்து போகிற பரம்பரையா நான்? மூன்றாவது முறையும் ஓட்டிவிட்டு, வெற்றிச் செய்தியைச் சென்னைக்கு மெயில் அனுப்ப என் இடத்துக்கு வந்தேன்.

மெயில் என்னிடம் பாஸ்வேர்டு கேட்டது. போட்டேன். 'உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது' என்றது.

சென்னையிலிருந்து வந்த விதிமுறைத் தாளைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தை நான் மனப்பாடமாகப் படித்திருந்தேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது: ஒரு பெயருக்கு மூன்று முறை தப்பான பாஸ்வேர்டு வந்தால் டைரக்டரி அந்தப் பெயரைப் பூட்டிவிடும். அதற்குள் பக்கத்து அறையில் ஒருவர் எழுந்தார், அப்புறம் எல்லாரும் எழுந்தார்கள். கேட்டில் லாரிச் சீட்டு வரவில்லை என்று டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். மேனேஜர் ராமநாதன் சாரின் போன் ஒலிப்பதும் அவர் "அங்கேயுமா?" என்று கேட்பதும் சுவர் வழியாகக் கேட்டது.

பூட்டைத் திறக்க வேண்டிய சென்னை அதிகாரியின் பெயரும் என் பட்டியலில் இருந்ததால் அவரும் பூட்டப்பட்டிருந்தார். இந்த மாதிரி ஆபத்துக்கென்று ஒரு தனிப் பாஸ்வேர்டைச் சீல் வைத்த கவரில் போட்டு முதலாளியின் பீரோவில் வைத்திருந்தார்களாம். பீரோ சாவி அன்று கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தது (முதலாளியின் சட்டைப்பையில்).

சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும், "நல்லவேளை நீயே வந்துட்டேம்மா. யாரோ கம்பெனியையே தாக்கியிருக்கானாம். சென்னையில போலீஸுக்கு எழுதிக்கிட்டு இருக்காங்க. நம்ம சர்வர் வழியாத்தான் வந்திருக்கானாம். எந்தக் கம்ப்யூட்டர்னு நீதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்றார். குற்றவாளியைப் பிடிக்கும் பொறுப்பு குற்றவாளிக்கே வந்தது. போலீஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

நார்க்கழிவுக் குவியலுக்குப் பின்னால் போய் நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். அழுகையை அடக்கிக்கொண்டு, பூட்டை நாம் ஏன் மூன்று முறை இழுக்கிறோம் என்று கேட்டேன்.

"எங்கப்பா இழுத்தாரு, நானும் இழுக்குறேன். ஏன், ரூமைப் பூட்டாம வந்துட்டியா?" என்று பதறினார். பூட்டிவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். என் வாழ்க்கையில் அதைவிட உண்மையான பதில் சொன்னதில்லை.

சர்வரில் நான் தேட எதுவும் இல்லை. இருந்தாலும் அரை மணி நேரம் தேடுவதுபோல் உட்கார்ந்துவிட்டு, "ஸ்டோர் கம்ப்யூட்டர், சார்" என்றேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேனேஜர் உடனே அடைக்கலம் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அடைக்கலம் அண்ணன் ஒரு விரலால் டைப் அடிப்பவர், பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் அடிப்பார். கம்பெனியைத் தாக்கியது அவர் கம்ப்யூட்டர்தான் என்று மேனேஜர் சொன்னதும் அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில சல்லிக்கட்டு வீடியோ பாத்தேன் சார். எங்க காளை வருதுன்னு தம்பி அனுப்பிவிட்டான். ஒரே ஒரு தடவைதான் சார் பாத்தேன். அதுலேருந்தா வந்துச்சு? மூணு பிள்ளைக இருக்கு சார், போலீஸுக்கெல்லாம் எழுதிப்புடாதீங்க" என்றார்.

மேனேஜர், "இதோ, அவன் வாயாலேயே சொல்லிட்டான்" என்று போனைக் கையில் எடுத்தார். அடைக்கலம் அண்ணன் என்னைப் பார்த்தார். தினமும் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருகிற மனுஷன். எனக்குப் போலீஸ் பயம் இருந்தது, வேலை போகும் பயம் இருந்தது. அந்தப் பார்வையோடு இனி தினமும் டீ குடிக்க வேண்டுமே என்ற பயம் அவை இரண்டையும் தாண்டிவிட்டது.

"நான்தான் சார் பண்ணேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன், அப்போதும் மேனேஜர் முழித்தார். மூன்றாம் முறை சொன்ன பிறகுதான் போனைக் கீழே வைத்தார்.

ராத்திரி எட்டு மணிக்குச் சாவி வந்து சேர்ந்து, கவர் பிரிக்கப்பட்டு எல்லாரும் திறக்கப்பட்டார்கள். சென்னை அதிகாரியான மேடம் என்னிடம் போனில் பேசினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், அவர் மெதுவாகப் பேசியது அதைவிடப் பயமாக இருந்தது. எதற்காக மூன்று முறை என்று மட்டும் கேட்டார். பொய் சொல்லத் தெம்பில்லை. அப்பா, உரக்கடை, ஷட்டர், பூட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டோட நிறுத்தியிருந்தா உன்னை இன்னிக்குப் பாராட்டியிருப்பேன்மா" என்றார்.

வேலை போகவில்லை. நிரந்தரக் கடிதம் மட்டும் ஆறு மாதம் தள்ளிப்போனது. அந்த ஆறு மாதமும் அப்பா யூரியா வாங்க வந்தவர்களிடம், கடிதம் தபாலில் தொலைந்துவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தார். அடைக்கலம் அண்ணன் டீ வாங்கி வருவதை நிறுத்தவில்லை, ஆனால் டீக்குப் போகும்போது கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிக் கையோடு எடுத்துப் போக ஆரம்பித்தார்.

அப்பா இப்போதெல்லாம் பூட்டை இரண்டு முறைதான் இழுக்கிறார். கை மூன்றாவதுக்குப் போகும், என்னைப் பார்ப்பார், "வேணாம், சென்னையில யாருக்காச்சும் வேலை நின்னுரப் போவுது" என்று எடுத்துக்கொள்வார். போன மாதம் அத்தை மகள் வளைகாப்புக்கு அப்படித்தான் இரண்டோடு கிளம்பிப் புதுக்கோட்டை பஸ் ஏறினோம். சித்தன்னவாசல் விலக்கு வருவதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் அவரைப் பார்த்தேன். அம்மாவை மட்டும் அதே பஸ்ஸில் அனுப்பிவிட்டு இருவரும் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து மூன்றாவது முறை இழுத்துப் பார்த்தோம். நாங்கள் எங்கே என்று வளைகாப்பில் கேட்ட அத்தனை பேரிடமும் அம்மா ஒரே பதிலைத்தான் சொன்னாளாம்: "அவுக ரெண்டு பேரும் பூட்டை இழுக்கப் போயிருக்காக."