மாதிரி உயில்

"சார், இதுல உங்க கையெழுத்து இருக்கு, ரெண்டு சாட்சி இருக்கு, தேதியும் இருக்கு. அப்ப இது செல்லும்தானே?" என்று சுவரைக் காட்டிக் கேட்டார் உயில் எழுத வந்த பேக்கரிக்காரர்.

பத்திர எழுத்தர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது மாதிரி உயில். உயில் என்றாலே எமனுக்கு ஆள் அனுப்புவதாக அலறும் ஜனங்களுக்கு, இவ்வளவுதான் விஷயம் என்று காட்ட, தன் சொந்த வீட்டை வைத்தே அவர் எழுதியது. யாருக்கு எழுதுவது என்று யோசித்தபோது எதிரே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவன் மனைவியின் தம்பி. அவன் பெயரையே போட்டார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

மனைவிக்கு வீட்டை எழுதிவைத்த நிஜ உயில் அதற்கு முந்தையது. பிந்தியது வந்தால் முந்தியது போச்சு என்று ஊருக்கெல்லாம் சொல்பவரே அவர்தான். நாளைக் காலை அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். கண் திறக்காமல் போனால் வீடு மச்சினனுக்கு. அக்கா வெளியூர் போன நேரம் பார்த்து அவளுடைய தையல் மெஷினை விற்றுத் தின்றவன். அவளை ஒரு பெட்டியோடு வாசலில் நிறுத்த அவனுக்கு எவ்வளவு நேரமாகும்?

பேக்கரிக்காரரை அனுப்பிவிட்டு, சட்டத்தைக் கழற்றி உயிலைச் சுக்குநூறாகக் கிழித்தார்.

"அது ஜெராக்ஸ் சார்," என்றார் டைப் அடிக்கும் அம்மா. "தன் பேர் இருக்கேன்னு ஒரிஜினலை உங்க மச்சினன் ஆசையா எடுத்துட்டுப் போயிட்டார். நான் பார்த்து அடிக்கிறதுக்குக் கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருக்கு, கவலைப்படாதீங்க."

வீட்டுக்கு ஓடினார். அந்தத் தாளைக் கொடு என்று சாதாரணமாகக் கேட்கத்தான் நினைத்தார். குரல் கீச்சிட்டுவிட்டது. அப்படி ஒரு தாள் இருப்பதையே மறந்து படுத்திருந்த மச்சினன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஏன் அத்தான், அது செல்லுமா?"

சேச்சே என்றார். அந்தச் சேச்சேயே காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்கப்புறம் மச்சினன் அவரை விட்டு அகலவில்லை. கால் அமுக்கிவிட்டான். டாக்டர் கைராசிக்காரர்தானா என்று விசாரித்தான். நடுநடுவே டேப் வைத்து ஹாலை அளந்தான். தம்பிக்கு அத்தான்மேல் எவ்வளவு பாசம் என்று மனைவி கண் கலங்கினாள். இவளிடம் உண்மையைச் சொன்னால் ஆபரேஷனுக்கு முன்னால் இவள் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டார்.

புது உயில் ஒன்றுதான் வழி. டைப் அடிக்கும் அம்மாவுக்குப் போன் போட்டார். மச்சினனின் காது பக்கத்திலேயே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம மாதிரிப்படியே ஒண்ணு அடிங்க. என் பேர்ல. காலையில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க."

அந்த அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கெட்டிக்காரி, மனைவிக்குத்தான் எழுத வேண்டும் என்று சொல்லாமலே புரிந்துகொண்டாள் என்று பெருமூச்சு விட்டார்.

காலையில் மச்சினனை மருந்து வாங்க விரட்டினார். பக்கத்துப் படுக்கைக்காரரும் அவரைப் பார்க்க வந்தவரும் சாட்சிக்குச் சம்மதித்தார்கள். ஒரு காலத்தில் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த மனுஷர்தான். வலி வந்ததிலிருந்து, அதாவது அந்த அம்மா வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, எந்தப் பத்திரமானாலும் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பதோடு சரி. இன்றைக்கோ மூக்குக்கண்ணாடியையும் நர்ஸ் வாங்கி வைத்துவிட்டார். கை போன போக்கில் கையெழுத்துப் போட்டார். தள்ளுவண்டி நகர்ந்தது. இனிமேல் செத்தாலும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டார். ஆனாலும் பயமாகத்தான் இருந்தது.

சாகவில்லை. கண் விழித்தபோது மனைவி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அழுகை வந்தது. கட்டிலின் கால்மாட்டில் டைப் அடிக்கும் அம்மா நின்றிருந்தார். எல்லாம் சரியாக அடித்தீர்களா என்று முனகலாகக் கேட்டார்.

"நான் சேர்ந்ததிலேர்ந்து எல்லாருக்கும் அடிக்கிற மாதிரியேதான் சார். எழுதிவைக்கிறவர் பேரையும் சொத்தையும் மாத்துவேன்; வாங்கிக்கிறவர் பேரு எப்பவும் உங்க மச்சினன் பேருதானே?"