ஃபஸீலாவின் பெட்டிக்கு ஒரு பவர் சப்ளை

மகளுடைய கம்ப்யூட்டரை எக்காரணம் கொண்டும் சரிசெய்துவிடக் கூடாது என்று அஸ்மத் உறுதி எடுத்துக்கொண்டார். எடுத்த கையோடு மகளிடம் போய், "நானே சரி பண்ணித் தர்றேம்மா, நீ அதைத் தொடாதே, கரண்டு சமாச்சாரம்" என்று சொல்லியும் விட்டார்.

அஸ்மத் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன்களுக்கு மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிரேன் கண்டெய்னரோடு நடுவானில் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஏறிப் போய் எங்கேயோ ஒரு தட்டு தட்டுவார். கிரேன் சலாம் போட்டுவிட்டு ஓடும். ஆங் மோ கியோ வீட்டில் மட்டும் கதை வேறு. அங்கே பவர் முழுக்க மனைவி உம்மு சல்மாவிடம். சப்ளைதான் அஸ்மத். மீன், பால், தேக்கா மார்க்கெட்டிலிருந்து வெற்றிலை, எல்லாம் அவர் சப்ளை.

ஃபஸீலா அவர்களுடைய ஒரே பிள்ளை. கல்யாணம் முறிந்து, இரண்டு சூட்கேஸோடு வாசலில் வந்து நின்றபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பல மாதம் அறைக் கதவு மூடியே கிடந்தது. பிறகு ஒரு நாள் பார்சல் பார்சலாகச் சாமான் வரவழைத்து, ஷூ டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டரைத் தானே கட்டினாள். அதன் மின்விசிறி முதன்முதலாகச் சுற்றியபோது, "வாப்பா, ஓடுது லா!" என்று கத்தினாள். அவள் குரல் உயர்ந்து எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் அஸ்மத்துக்கு உறைத்தது.

அன்றிலிருந்து அதில் பொம்மைப்படம் வரைய ஆரம்பித்தாள். சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். அப்பனும் மகளும் மாலையில் கீழே கடைக்குப் போய் தே தாரிக் டீ குடித்தார்கள். மகள் வாழ்க்கை உடைந்துதான் இந்த மாலைகள் தனக்குக் கிடைத்தன என்பது அவருக்குத் தெரியும். அதில் சந்தோஷப்படுகிறோமே என்று தொழுகையில் கூனிக்குறுகுவார். அப்புறமும் சாயங்காலம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இப்போது கிளாஸ்கோவில் ஒரு ஸ்டுடியோ அவளைக் கூப்பிட்டிருக்கிறது. போன மறுநாளே வேலை. பெட்டி கையோடு போக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். உள்ளே கரண்டு கொடுக்கிற பவர் சப்ளை போய்விட்டது.

"அடுத்த மாசம் முதல் வாரம் ஃப்ளைட்டு, பாத்து சீக்கிரம் முடிங்க" என்றாள் சல்மா.

அஸ்மத் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய், இருப்பதிலேயே பெரிய பவர் சப்ளையாகக் கேட்டு வாங்கி வந்தார். மேசையில் வைத்தார். மேசை முனகியது.

சல்மா பெட்டியைப் பார்த்தாள். அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இது எதுக்குள்ள எது போகணும்?"

"கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான் போல."

"பெட்டியவிட இது பெரிசா இருக்கு. அதை இதுக்குள்ள வைக்கப் போறீங்களா?"

மாற்றி வாங்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். சின்னது வந்தது, உள்ளங்கை அகலத்தில், அழகாக. மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

"உடனே மாட்டக் கூடாது. நம்ம ஊரு ஈரத்துக்கு அது பழகணும். கொஞ்ச நாள் அப்படியே வச்சிருக்கணும்."

"இது என்ன ஊறுகாயா, ஊறப் போட?"

"உனக்கு எலக்ட்ரிக்கல் தெரியாது சல்மா."

"எனக்கு உங்களத் தெரியும்."

ஊறியும் முடிந்தது. அடுத்து, மாட்டுகிற நாலு ஸ்க்ரூவும் காணாமல் போயின. அஸ்மத்தே சோபாவைப் புரட்டினார், கட்டிலுக்கடியில் ஊர்ந்தார். தானே ஒளித்த பொருளைத் தேடுவதில் அவ்வளவு நேர்மை காட்டிய மனிதர் அந்த அடுக்குமாடி புளோக்கிலேயே கிடையாது.

கடைசியில் ஃபஸீலாவே வந்து சொன்னாள். "பரவாயில்ல வாப்பா. டிக்கெட்டை ரெண்டு வாரம் தள்ளிப் போட்டுட்டேன்."

"அடடா" என்றார் அஸ்மத், முகத்தைத் தொங்கப் போட்டபடி. பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே நின்றார்.

அந்த இரண்டு வாரமும் தினம் தே தாரிக் குடிக்கப் போனார்கள். ஒரு நாள் டோபி காட் ஸ்டேஷனில் இறங்கி, அவள் படித்த காலத்தில் நடந்த வழியெல்லாம் நடந்தார்கள். அவள் ஸ்டுடியோவைப் பற்றிப் பேசினாள். அவர் அங்கே குளிரும் என்றார்.

வெள்ளிக்கிழமை டன்லப் தெருப் பள்ளிவாசலில் ஜும்ஆ முடித்து வீடு திரும்பியபோது, சல்மா சாப்பாட்டு மேசையில் மூக்குக் கண்ணாடியும் ஸ்க்ரூ டிரைவருமாக உட்கார்ந்திருந்தாள். எதிரே திறந்த பெட்டி. ஒரு தட்டில் நாலு ஸ்க்ரூ. அவருடைய பழைய துறைமுக பூட்ஸ் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

"டார்ச்சைப் புடிங்க" என்றாள்.

பிடித்தார். அவள் பவர் சப்ளையைத் திருப்பி வைத்து முதல் ஸ்க்ரூவை எடுத்தாள்.

"இரு, இரு. ஃபேன் உள்பக்கம் பாக்குது. காத்து வர்ற ஓட்டைப் பக்கம் பாக்கணும்."

"எல்லாம் ஒண்ணுதான். ஊரே காத்து." அவள் பழைய கேபிளை எடுத்துப் புதிய பவர் சப்ளையில் அழுத்தினாள். "இதையே குத்திடறேன். நல்லாத்தானே இருக்கு."

அஸ்மத் டார்ச்சை மேசையில் போட்டார். "ஐயோ, பழைய வயரப் புதுசுல குத்தாதே! உள்ள கம்பி வரிசை மாறியிருக்கும், போர்டே எரிஞ்சு போயிடும்! தள்ளு, தள்ளு!"

ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கினார். அதற்கப்புறம் அவருக்குக் கண்ணும் கையும் மட்டும்தான் இருந்தன. பவர் சப்ளையைத் திருப்பி வைத்தார். நாலு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை மாற்றி முறுக்கினார். புதுக் கேபிளை மடித்து, அந்தக் குறுகிய சந்துக்குள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் படுக்கவைத்தார். மூடியைப் போட்டார். பின்னாலிருந்த சுவிட்சைத் தட்டினார்.

மின்விசிறி சுற்றியது. நீல விளக்கு எரிந்தது. அறையிலிருந்து ஃபஸீலா எட்டிப் பார்த்து, "வாப்பா, ஓடுது!" என்றாள்.

அஸ்மத் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். சல்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சாங்கி விமான நிலையத்தில் ஃபஸீலா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "சேந்ததும் மெசேஜ் பண்றேன் வாப்பா" என்றாள். உம்மாவைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிக் கை ஆட்டினாள். அப்புறம் கூட்டத்தில் எது அவள் என்று தெரியவில்லை.

இருவரும் ரயிலுக்காக நின்றார்கள். அஸ்மத் தொண்டையைச் செருமினார்.

"நீ என்னை ஜெயிச்சுட்டே சல்மா. சரி. ஆனா ரெண்டு வாரம் நான் அவளைப் புடிச்சு வச்சேன். அதை நீ மறுக்க முடியாது."

சல்மா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட்டு முதல்லேர்ந்தே இன்னைக்குத்தாங்க."

"என்ன?"

"அவ கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்கலைன்னு எத்தனை மாசம் இழுத்தீங்க? நிஜ தேதிய சொல்லியிருந்தா இந்தப் பெட்டியையும் அதைத் தாண்டி இழுத்திருப்பீங்க. அதான் நானும் அவளும் பேசி வச்சு, ரெண்டு வாரம் முந்தின தேதியா சொன்னோம்."

அஸ்மத்துக்குக் குளியலறையில் திறந்துவிட்ட குழாய்கூட வீண் என்று தோன்றியது. "அப்போ நான் ஒரு நாள்கூட…"

"ஒரு நாள்கூட இல்ல." அவள் குரல் உடைந்தது. "நீங்களாவது ரெண்டு வாரம் ஜெயிச்ச மாதிரி நடமாடுனீங்க. எனக்கு தேதி தெரியும்ங்க."