தூக்குக்குண்டு டார்ட்ஸ் ஆடினார்

பெண்சாதி செத்த வீட்டில், பந்தக்கால் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுதவர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் நன்னிலம் பக்கம் எங்கள் தெருவில், எனக்கு எதிர்வீட்டில் இருந்தார். கொத்தனார். பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. தூக்குக்குண்டு என்றால்தான் தெரியும். சுவர் சாய்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடுகிற குண்டு அது. சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும்.

"இந்தக் காலு சாயுதுடா தம்பி," என்றார் என்னிடம். பிடுங்கி நட்டோம். பிறகு உட்கார்ந்து அழுதார்.

மகனுக்கு சிங்கப்பூரில் வேலை. போனில் அவனோடு பேசுகிறவள் அம்மாதான். அவள் போனபிறகு அப்பாவும் மகனும் பேசினார்கள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"ஆச்சு. அங்க மழையா?"

"இல்லப்பா."

அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். வாரா வாரம் வந்த போன் மாதத்துக்கு ஒன்றானது. "கொஞ்ச நாள்ல இதுவும் நின்னுடும்டா," என்றார்.

ஒருநாள் மகன் வாய்தவறி, தங்கியிருக்கிற இடத்தில் டார்ட்ஸ் ஆடுவதாகச் சொன்னான். பலகையில் குறிபார்த்து அம்பு எறிகிற விளையாட்டு. அவன் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. இவர் விடவில்லை. "எனக்கும் சொல்லிக்குடு," என்றார்.

ஊருக்கு வந்த ஒருவரிடம் மகன் மூன்று அம்பு கொடுத்தனுப்பினான். பலகை கனம் என்று வரவில்லை. தூக்குக்குண்டு வைக்கோலைக் கயிறாகத் திரித்து, வட்டமாகச் சுற்றி, கோணி ஊசியால் தைத்தார். பெயிண்டில் வளையங்கள் போட்டார். கொல்லைச் சுவரில் மாட்டினார். நடுப்புள்ளி தரையிலிருந்து ஐந்தடி எட்டங்குலம். மகன் சொன்ன கணக்கு.

மறுநாள் காலையில் பலகை இல்லை. பாதி, என் மாட்டின் வாயில் இருந்தது.

"கொஞ்சம் ஒசத்தி மாட்டுங்கண்ணே."

"ஒன் மாட்டுக்காக ரூல்ஸ மாத்த முடியுமாடா?"

இரண்டாவது பலகையைக் கூடத்தில் மாட்டினார். நின்று எறிவதற்குக் கோடு வேண்டும். சாக்பீஸ் போதும் என்றேன். கேட்கவில்லை. தரையைக் கொத்தி, சிவப்புச் சிமெண்டில் கோடு பதித்தார். பலகையின் முகத்திலிருந்து ஏழடி ஒன்பதேகால் அங்குலம். இரண்டு நாளில் வைக்கோல் அமுங்கிக் கணக்கு தப்பியது. கோட்டைப் பெயர்த்து மறுபடி பதித்தார்.

எறிதான் வரவில்லை. முதல் அம்பு காலண்டருக்குப் போனது. இரண்டாவது மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. மூன்றாவது தரையில் தெறித்து என் காலைத் தேடி வந்தது. அதற்குப் பிறகு நான், கான்கிரீட் போடும்போது அவர் மாட்டுகிற ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் கூடத்துக்குள் நுழைவேன்.

"மெதுவா விடுங்கண்ணே. ஏன் இந்த வீச்சு?"

"சாந்து அடிச்ச கைடா. ஓங்கலன்னா செவுத்துல எப்புடி ஒட்டும்?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம். போனில் முகம் பார்த்தபடி அங்கே மகன் எறிவான். இங்கே இவர். போனைப் பிடிப்பது என் வேலை. கையிலிருக்கிற புள்ளியைக் குறைத்துக்கொண்டே போகவேண்டும். கடைசி அம்பு வெளிவளையத்தில் விழுந்து, புள்ளி ஒன்றுமில்லாமல் போனால் ஜெயிப்பு. முதல் வாரம் மகன் சீக்கிரமே ஜெயித்துவிட்டான். "சரிப்பா, வச்சிடறேன்," என்றான். ஆட்டம் முடிந்தால் போனும் முடிந்தது. இவர் வெகுநேரம் கோட்டிலேயே நின்றார்.

அடுத்த வாரம் சண்டை பிடித்தார்கள்.

"அப்பா, காலு கோட்டத் தாண்டுது."

"கோடு போட்டவனுக்குத் தெரியாதா? ஒன் கண்ணுதான் கோணல்."

"சித்தப்பா, நீங்க சொல்லுங்க. தாண்டுதா இல்லியா?"

நான் போனைப் பலகைப் பக்கம் திருப்பிவிட்டேன். சண்டை போட நிறைய வார்த்தை வேண்டியிருக்கிறது. நடுவில் அங்கே தின்கிற சோறு வந்தது. அவனுடைய மேஸ்திரியின் கெட்ட குணம் வந்தது. ஒருநாள் அம்மாவும் வந்தாள். அப்போது இரண்டு பேரும் கொஞ்சநேரம் எறியவில்லை.

அடைமழை விடுவதற்குள் இவருக்குக் கை படிந்துவிட்டது. காலையில் பால் கொடுக்கப் போனால் மூன்று அம்பும் வெளிவளையத்தில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைசி அம்பு சுவருக்குப் போகும். "தப்பிடுச்சேடா," என்பார். பிறகு மகன் எறிவான். அவனும் தவறவிடுவான். இருட்டுகிறவரை போகும்.

"காலையில அடிச்சீங்களேண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பால வச்சுட்டுப் போடா."

சம்பா அறுப்பு சமயத்தில் தூக்குக்குண்டு தூக்கத்திலேயே போய்விட்டார். மகன் வந்தான். காரியமெல்லாம் முடிந்த அன்று கூடத்துக் கோட்டில் வந்து நின்றான். மூன்று அம்பையும் எறிந்தான். மூன்றும் வெளிவளையத்தில் போய் நின்றன.

"அங்கயும் எனக்கு நல்லாத்தான் விழும் சித்தப்பா," என்றான். "அவருகிட்ட ஆடுறப்ப மட்டும் நான்தான் வேணும்னே தள்ளிப் போடுவேன். முடிஞ்சா போன வைக்கணுமே."

"அவரும் அப்படித்தான் போட்டாரு," என்றேன்.

அவன் கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மறுவாரம் திரும்பிப் போய்விட்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் போன் பிடித்த என் கை சும்மா இருக்கிறது.