பெட்டியிலிருந்த பூட்ஸுக்கு நன்றி

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் கென்சாகு அவர்களுக்கு,

இலைகள் மலையுச்சியில் சிவந்து அடிவாரம் நோக்கி நிறம் இறங்கிவரும் இந்நாளில் தாங்களும், தங்கள் துணைவியார் தமாகியும், தங்கள் பூனையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் வாஷிபா மலைவிடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் அடுப்போரமாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். அதற்குத் தாங்கள் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் நன்றி.

முதலில் தாங்கள் இரவல் தந்த பூட்ஸ். அலமாரியின் மேல்தட்டிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கி, மெல்லிய தாளைப் பிரித்து, "இது என்னோடது, அது தமாகியோடது, கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவை போட்டோம், அத்தான், அதுக்கப்புறம் மண்ணே படலை" என்று தாங்கள் பெருமையோடு காட்டியதும், நான் இடுப்பு வளைய வணங்கித் தங்களுடையதை வாங்கிக்கொண்டதும் நினைவிருக்கும். நான் போவது எதற்கு என்றும் தங்களுக்குத் தெரியும். பெற்றது ஒரே பெண். நகோயாவில் நல்ல வேலையை உதறிவிட்டு, எந்தச் சாலையிலிருந்தும் இரண்டு நாள் நடக்க வேண்டிய இந்த விடுதிக்கு வந்து அரிசி கழுவிக்கொண்டிருக்கிறாள். நான் ஆயுளைக் கழித்த குடிநீர் வாரியத்தில் பழைய மேலதிகாரியின் காலைப் பிடித்து அவளுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் சாயோ வந்து சேராவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். தங்கள் அக்காவோ சரியாகச் சாப்பிடுவதே இல்லை. அதனால் கிளம்பினேன்.

இரண்டாம் நாள், இருபுறமும் பள்ளமான பாறை முகட்டில், என் வலது காலுக்குக் கீழே யாரோ கைதட்டினார்கள். நின்றேன், நின்றது. நடந்தேன், மறுபடி தட்டியது. குனிந்து பார்த்தால், பூட்ஸின் அடியட்டை குதிகாலிலிருந்து பிளந்து தொங்குகிறது. ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது மலை வழக்கம் ஆயிற்றே; எதிரே இறங்கி வந்தவர்கள் எல்லாரும் பாறையோடு ஒட்டி நின்று எனக்காகக் காத்திருக்க, "நீங்க போங்க" என்று நான் வணங்க, "இல்லைங்க, நீங்கதானே ஏறுறீங்க" என்று அவர்கள் வணங்க, அதற்கு நான் மறுபடி வணங்க, எனக்குப் பின்னால் ஏறி வந்தவர்களும் முந்துவது மரியாதையில்லை என்று நின்றுவிட, முகடு நெடுக வரிசை நீண்டுவிட்டது. "என்ன, முன்னால திருவிழாவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒசாகாப் பெண்மணிகள் கூட்டம். பெரிய தொப்பி போட்ட தலைவி, கேள்வி கேட்பதற்கு முன்பே என் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்து, லாடம் அடிக்கிறவர் குதிரைக் காலைத் தூக்குவதுபோல என் காலைத் தூக்கினார்.

"பூட்ஸுக்கு என்ன வயசுங்க?"

"மச்சினர் பெட்டியை விட்டு வெளியவே எடுத்ததில்லைங்க. அவ்வளவு பத்திரம்."

"அட, அதான் கேடே! போட்டு நடந்தா உழைக்கும். பூட்டி வெச்சா உள்ளுக்குள்ளயே உளுத்துப்போகும். எங்க வீட்டுக்காரரும் ரிட்டையர் ஆனதுலேர்ந்து அப்படித்தான்."

வரிசை மொத்தமும் சிரித்தது. ஒருவர் ஒட்டு நாடா தந்தார், ஒருவர் காயக்கட்டு, ஒருவர் துண்டு. கட்டி முடித்து எழுந்தால் இடது அட்டையும் பெயர்ந்து விழுந்தது. "ஜோடியில்லையா, தனியா இருக்க மனசு வரலை" என்றார் தலைவி. இதற்குள் செய்தி வாய் வாயாக மேலே ஏறி, அட்டையோடு காலும் போனதாகிவிட்டதாம். சாயோ அழுதுகொண்டே ஓடி வந்தாள். கையில் விடுதிச் சமையல்காரரின் வெள்ளை ரப்பர் பூட்ஸ்.

"அப்பா! அறிவிருக்கா? இதைப் போட்டுக்கிட்டா ஏறுனீங்க?"

"மாமா குடுத்ததும்மா."

"மாமா தெருமுனைக்குப் போகவே டாக்சி கூப்பிடுவாரு!"

சிறுபிள்ளை, மன்னிக்கவும். மறுநாள் காலை அவளே என்னை உச்சிக்கு அழைத்துப் போனாள். மீன்கடைக்காரரைப் போல வெள்ளை பூட்ஸில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். யாரி சிகரத்தின் கூர்முனை மேகத்துக்கு மேலே தெரிந்தது; நான் அதைப் பார்க்காமல் வாரியத்தைப் பற்றிப் பேசினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிப்பா. உங்களைத் தனியா அனுப்ப முடியாது. நாளைக்கு நானும் இறங்குறேன்" என்றாள். போன காரியம் பழம்! நல்ல சேதியைக் கொண்டாட அக்காவிடம் சிவப்புக் காராமணிச் சோறு பொங்கச் சொல்லவும். பூட்ஸின் மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறேன். தமாகியின் பெட்டியையும் உடனே குப்பையில் போடுங்கள், எந்த ஜீவனுக்கும் இரவல் தராதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் குளிர்காலத்தில் தங்கள் வீட்டுக் குழாய்கள் உறையாமலும் வெடிக்காமலும் இருக்க வாழ்த்தும்,

தங்கள் அக்காள் கணவன்,
சுகிமுரா எய்கிச்சி

பின்குறிப்பு: புயல் பிடித்துக்கொண்டதால் நாங்களும் இறங்கவில்லை, கடிதமும் இறங்கவில்லை. நேற்று ஒரு கூட்டம் நனைந்து நடுங்கி வந்து சேர்ந்தது. சாயோ வாசலில் நின்று, "வாங்க வாங்க, ஈரத்தையெல்லாம் இங்கயே கழட்டுங்க, சூப் கொதிக்குது!" என்று போட்ட சத்தத்தில் நானே எழுந்து சட்டையைக் கழற்றப் பார்த்தேன். பிறகு அரிசி கழுவிக்கொண்டே பாடினாள். கென்சாகு, அவள் பாடுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நகோயாவிலிருந்து வரும்போதெல்லாம் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, எதைக் கேட்டாலும் "ம்" என்பாளே, அந்தப் பெண்ணா இவள்? ஒசாகா அம்மாள் பூட்ஸைப் பற்றிச் சொன்னது நெஞ்சில் குத்தியது. "நீ இங்கயே இரும்மா" என்றேன். "அப்ப நீங்க எப்படி இறங்குவீங்க?" என்றாள். "யாரு இறங்குறா?" என்றேன்.

பனி விழுந்து விடுதி மூடும்வரை பூட்ஸ் உலர்த்தும் அறை என் பொறுப்பு. எல்லாருடைய அடியட்டையையும் தட்டிப் பார்த்துத்தான் வெளியே விடுகிறேன். வாரியத்து இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லவும். மழை விட்டதால் இன்று சுமைக்காரர் ஒருவர் இறங்குகிறார்; அவரிடம் இதைத் தருகிறேன்.

எங்கள் இருவரையும் இழுத்துப்போக அடுத்த வாரம் தானே வருவதாக அக்கா விடுதியின் ரேடியோ வழியாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள். ஆகவே தமாகியின் பெட்டியைத் தயவுசெய்து எறிய வேண்டாம். அக்கா வந்து கேட்டால் மறுக்காமல் கொடுக்கவும். அந்த முகட்டில், அவள் அளவுக்கு வெள்ளை ரப்பர் பூட்ஸோடு நானும் சாயோவும் காத்திருப்போம்.