பீன்ஸ் ஏறி வெளிநாடு போன கிணறு

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். நம் வீட்டுக் கிணறுதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. மாப்பிள்ளைக்கு என் அன்பு. நான் இன்னும் நேரில் பார்க்காத என் பேரன் குண்டுப்பயலுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாயே, தயவுசெய்து வராதே. பஸ் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் ‘ஏறு, ஏறு’ என்று கத்தியவன் நான். ‘வராதே’ என்று போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். பிள்ளையைக் குளிப்பாட்ட இங்கே தண்ணீர் இல்லையம்மா.

எல்லாம் நம் வீட்டை ஒட்டி வந்த அந்த ஏற்றுமதிப் பீன்ஸ் பண்ணையால் வந்த வினை. ‘அப்பா, நம்ம ஊரு பீன்ஸை இங்க கடையில பளபளன்னு அடுக்கி வச்சிருக்காங்க, பார்க்கவே பெருமையா இருக்கு’ன்னு சொன்னியே, அது பீன்ஸ் இல்லடி, நம்ம கிணறு! மழை எட்டிக்கூடப் பார்க்காத இந்தப் பொட்டல் காட்டில் பச்சைப் பசேலென்று பீன்ஸ் விளைய வேண்டுமென்றால் சும்மாவா? சுற்றிலும் போர் போட்டு, அதில் ஒன்றை நம் மதில் சுவரை ஒட்டியே போட்டு, ராப்பகலாக உறிஞ்சுகிறார்கள். நம் கிணற்றில் வாளியை விட்டால் ‘டங்’ என்கிறது. மோட்டாரைப் போட்டால் ஏப்பம் விடுகிறது. வாசல் மரம் இலையெல்லாம் கொட்டி என் தலை மாதிரி நிற்கிறது.

உன் அம்மா வேறு அங்கேயே பேக்கிங் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அளவுக் கட்டையும் கையுமாக நின்று ஒவ்வொரு பீன்ஸாக அளக்க வேண்டும். நீளம் குறைந்தால் கழிவு, வளைந்திருந்தால் கழிவு. அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தும் விடுகிறதா? நேற்று நான் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘வளைஞ்சிருக்கு, தள்ளி வை’ங்கிறா!

உன் அப்பன் மட்டும் சும்மா இருப்பானா? சுவரோரம் போகும் பண்ணையின் சொட்டுநீர்க் குழாயில் நைசாக ஒரு ஓட்டை போட்டு, டியூபை மாட்டி, நம் தொட்டியில் விட்டேன். நம்ம தண்ணிய நாமளே எடுத்தா திருட்டா, சொல்லு? ஆனந்தமாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அந்தக் குழாயில் உரத்தையும் கரைத்துவிடுவார்கள் என்று எந்தப் பாவி என்னிடம் சொன்னான்? உடம்பெல்லாம் அரிப்பு. துண்டைப் பிடித்துக்கொண்டு தையா தக்கா என்று குதிக்கிறேன், பண்ணை மேனேஜர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்ன சார், எக்சர்சைஸா?” என்றார். “ஆமா சார், டாக்டர் சொன்னாரு” என்று இன்னும் நாலு குதி குதித்தேன்.

“இவ்வளவு உரம் போட்டும் தலையில ஒண்ணும் முளைக்கலையே!” என்று உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் பேரனுக்காக வாங்கி வைத்த குட்டிக் குளியல் டப்பை எடுத்துத் தூசி தட்டினாள். “இதுல அவனை உக்கார வச்சுத் தண்ணி ஊத்தணும்னு நெனச்சேனே” என்றாள். அதை வாங்கி மறுபடி பரண் மேலேயே ஏற்றி வைத்தேன். ஆகையால் வராதே. மழை பெய்தபின் பார்க்கலாம். நீங்கள் மூவரும் குறைவில்லாமல், முக்கியமாகத் தண்ணீருக்குக் குறைவில்லாமல், வாழ வேண்டும்.

அன்புடன்,
அரிப்பு அடங்காத அப்பா

பி.கு.: தபாலில் போட மனசே வராமல் கடிதம் சட்டைப் பையிலேயே கிடந்தது. அதற்குள் உன் அம்மா பண்ணையையே கலக்கிவிட்டாள்! குளிர்சாதன லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்க, கொட்டகைப் பெண்கள் அத்தனை பேரும் அளவுக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்களாம். “எங்க வீட்டுப் பிள்ளைங்க குளிக்கணும் சார். வீடுங்களை ஒட்டிப் போட்ட போரையெல்லாம் மூடுங்க, அப்புறம் அளக்குறோம்” என்றாளாம் உன் அம்மா. பீன்ஸ் வாட வாட மேனேஜர் முகமும் வாடி, கடைசியில் மூடியே விட்டார். ஒரு வாரம் ஊற விட்டு, இன்று காலை வாளியை விட்டேன். ‘குபுக்’ என்றது! நானும் அம்மாவும் அதை மாற்றி மாற்றி விட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தோம். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு உடனே கிளம்பு. ஏறு, ஏறு! வரும்போது அந்தக் கடையில் ஒரு பொட்டலம் பீன்ஸ் வாங்கி வா. இத்தனை அளந்தவள், அளவில் தேறின பீன்ஸை ஒருநாளும் வாயில் போட்டுப் பார்த்ததில்லையாம்.